பழைய சிடி பிளேயர்: முப்பது வருஷம் ஆகியும் ஒலி கெடாமல் இருப்பது எப்படி?

அகழிக்கரை (சத்துவாச்சாரி)

வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். அம்மாவின் பழைய புடவையில் சுற்றி வைத்த ஒரு மூட்டை கிடைத்தது. பிரித்தால், சித்தப்பா 1993இல் குவைத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்த சிடி பிளேயர். கறுப்பு நிறம், ஜப்பான் தயாரிப்பு, தூக்கினால் கனம் தெரியும். 2006 வாக்கில் மேலே ஏற்றியது. அதன்பிறகு யாரும் தொடவில்லை.

சும்மா பிளக்கில் சொருகிப் பார்த்தேன். எழுத்து எரிந்தது. டிரே பாதி வந்து நின்றுவிட்டது, மீதியைக் கையால் மெல்ல இழுத்தேன். ஒரு கச்சேரி சிடியைப் போட்டதும் நாலைந்து நொடி சுற்றிவிட்டு 9 என்று காட்டியது. பிளே அழுத்திய பிறகு நான் இடத்தை விட்டு அசையவில்லை. பின்னால் தம்புராவின் நாலு தந்தியும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருக்கிறது. மிருதங்கத்தின் தொப்பியில் விழுகிற அடி வயிற்றில் கேட்கிறது. பத்து வருஷமாகப் போனிலும் புளூடூத் ஸ்பீக்கரிலும்தான் பாட்டுக் கேட்கிறேன். இதே கச்சேரியை அதில் எத்தனையோ தடவை கேட்டாயிற்று, தம்புரா இருந்ததாகவே நினைவில்லை.

இப்போது சந்தேகம். இவ்வளவு வயதான இயந்திரம், அதுவும் நம் வேலூர் வெயிலில் பரணில் கிடந்தது, எப்படி ஒலி கெடாமல் இருக்கும்? ஒருவேளை கெட்டிருந்து எனக்குத்தான் தெரியவில்லையா? கடைசி இரண்டு பாட்டு மட்டும் குதிக்கிறது. ரிப்பேர் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

பழைய மெக்கானிக் (வாலாஜாபேட்டை)

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். கடைசிப் பாட்டு குதிக்கிறது என்று யாரிடமும் போய் "லென்ஸ் மாத்துங்க" என்று கொடுத்துவிடாதீர்கள். நான் 1988 முதல் டேப் ரிக்கார்டர், டெக், சிடி என்று கழற்றி மாட்டுகிறவன். தட்டைப் படிக்கிற நல்ல லேசரைத் தூக்கிப் போட்டுவிட்டு மட்டமானதை மாட்டிய செட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேசட்டில் ஹெட் தேயத் தேய முதலில் ஜால்ரா மங்கும், அப்புறம் குரல் மங்கும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. சிடியில் அப்படி நடக்க வழியில்லை. தட்டில் இருப்பது வெறும் எண்கள். நொடிக்கு 44,100 தடவை, இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று, ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது 0, 1 என்று 16 இலக்கம். கீறலாலோ தூசியாலோ சில எண்கள் தவறினால், கூடவே எழுதி வைத்திருக்கும் உபரி எண்களைக் கொண்டு பிளேயர் கணக்குப் போட்டு அசலை அப்படியே மீட்டுவிடும். தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளம் மறைந்தாலும் மீட்கும். அதற்கு மேல் போனால் பக்கத்து எண்களை வைத்து ஒப்பேற்றும், அதுவும் முடியாதபோது சத்தத்தை நிறுத்தும் அல்லது தாவும். ஆக, லேசர் பலவீனமானால் செட் திக்கும், தாவும், "நோ டிஸ்க்" காட்டும். மந்தமாகப் பாடாது. "சவுண்டு டல்லா இருக்கு, லென்ஸ் போயிடுச்சு" என்று எவராவது சொன்னால் செட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வயதாவது அதற்குப் பிந்தைய பாதைக்கு. எண் ஒலியாக மாறிய பிறகு அது கண்டென்சர், ஐசி, பின்பக்க ஜாக் என்று நடந்துதான் வெளியே வருகிறது. எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் ஒரு திரவம் உண்டு, சூட்டில் அது உலரும். சூடு 10 பாகை ஏறினால் ஆயுள் பாதி என்பது எங்கள் தொழிலில் கைக்கணக்கு. அக்னி நட்சத்திரத்தில் 40 பாகையைத் தாண்டுகிற ஊர் நம்முடையது. பகலெல்லாம் காய்ந்த மலைப்பாறை ராத்திரியிலும் அனல் விடும். அந்த ஊரில் தளத்துக்கு அடியில் பரண் என்றால் வீட்டிலேயே அதுதான் சூடான இடம். தயவுசெய்து எந்த மின்சாதனத்தையும் இனி அங்கே ஏற்றாதீர்கள்.

பவர் சப்ளை கண்டென்சர் உலர்ந்திருந்தால் பாட்டுக்கு நடுவே "ம்ம்ம்" என்று ஹம் வரும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டையோடு தாண்டியதும் அது 100 ஹெர்ட்ஸ் ஆகிவிடும், அந்தச் சத்தம்தான். அவுட்புட் பக்கத்துக் கண்டென்சர் உலர்ந்தால் கீழ் ஒலி மெலியும். தொப்பி அடி வயிற்றில் கேட்கிறது என்கிறீர்கள், ஹம் பற்றி எழுதவில்லை. அப்படியானால் உங்கள் செட் தப்பித்திருக்கிறது.

குதிப்பதற்கு வருகிறேன். சிடி உள்வட்டத்திலிருந்து வெளியே படிக்கும். முதல் பாட்டில் தட்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று, ஓரத்துக்கு வரும்போது 200. அதனால் முதல் பாட்டு திக்கினால் சுழற்றும் மோட்டாரைச் சந்தேகப்படுவேன். கடைசிப் பாட்டு மட்டும் என்றால் பெரும்பாலும் லேசர் நகர்கிற கம்பியும் பல்சக்கரமும்தான். இத்தனை வருஷம் நகராமல் கிடந்ததில் கிரீஸ் வேப்பம்பிசின் மாதிரி இறுகியிருக்கும். டிரே பாதியில் நிற்பது பெல்ட். ரப்பர் என்றைக்கும் ரப்பர்தான், ஜப்பானிலிருந்து வந்தாலும் இறுகும்.

பாலாற்றுமணல் (காவேரிப்பாக்கம்)

மெக்கானிக் ஐயா, இதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறேன். லேசர் தேய்ந்தால் ஒலி மங்கும் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

பதினாறுபிட் (காட்பாடி, காந்தி நகர்)

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. அகழிக்கரை அண்ணா, உங்கள் ஒப்பீட்டில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு பக்கம் சிடி, ஆம்ப்ளி, பெரிய ஸ்பீக்கர். இன்னொரு பக்கம் போன், புளூடூத், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட். அந்தக் காலத்து எம்பி3 பெரும்பாலும் 128. புளூடூத்தும் தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கும். தம்புரா காணாமல் போனதற்குப் பாதிக் காரணம் அந்தச் சின்ன ஸ்பீக்கர். பழைய பிளேயருக்கு அந்தப் பெருமை முழுதையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"பழைய சிடி பிளேயர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டவும் முடியாது. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த சோனி சிடிபி-101இல் டிஏசி, அதாவது எண்ணை ஒலியலையாக மாற்றும் சில்லு, ஒன்றே ஒன்று. அதே சில்லு இடதுக்கும் வலதுக்கும் மாறி மாறி வேலை செய்தது. 16 பிட்தான், ஆனால் ஓவர்சாம்ப்ளிங் (எண்களுக்கு நடுவே கணக்குப் போட்டு இன்னும் எண்களைச் சேர்ப்பது) கிடையாது, அதனால் கேட்கும் எல்லைக்கு மேலே செங்குத்தாக வெட்டுகிற அனலாக் ஃபில்டர் தேவைப்பட்டது. பிலிப்ஸ் சிடி100 வேறு வழியில் போனது. 14 பிட் டிஏசி, ஆனால் 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங், அதாவது 176.4 கிலோஹெர்ட்ஸ். இரைச்சலைக் காதுக்கு எட்டாத மேல்பகுதிக்குத் தள்ளிவிட்டு, 14ஐ வைத்துக்கொண்டே 16க்குப் பக்கத்தில் வந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் வேலைகளில் இது ஒன்று. பிலிப்ஸின் 16 பிட் சில்லான டிடிஏ1541 1985இல் வந்தது, அதற்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. 1993 வாக்கில் பல செட்டுகள், 16 பிட்டை மிக வேகமான ஒற்றை பிட் ஓட்டமாக மாற்றிக் கொடுக்கிற ஒரு பிட் முறைக்கு மாறிவிட்டன. உங்கள் சித்தப்பா கொண்டுவந்தது அந்த வகையாகக்கூட இருக்கலாம். மூடியைத் திறந்தால் சில்லின் மேலேயே எழுதியிருக்கும்.

ஒன்று மட்டும் நிச்சயம். 16 பிட்டின் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள தூரம், 96 டெசிபெல். ஃபேன் ஓடுகிற, வெளியே ஆட்டோ போகிற நம் வீட்டுக்கூடத்துக்கு அது தாராளம். 1993 செட் அதை ஒழுங்காகக் கொடுத்தது, இன்றும் கொடுக்கிறது. அதைவிடப் புதியது அதைவிட நன்றாகப் பாடியே ஆக வேண்டும் என்பதில்லை.

குடியாத்தம் வீணை (குடியாத்தம்)

நான் வீணை சொல்லிக் கொடுக்கிறேன். சில்லு பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் இந்த இழையில் யாரும் தொடாத ஒன்று இருக்கிறது: சுருதி.

கேசட் காலத்தில் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரு மாணவி மூன்று கட்டைச் சுருதியில் பாடம் எடுத்துக்கொண்டு போவாள். பாடத்தைக் கேசட்டில் பதிந்து கொடுப்பேன். அடுத்த வாரம் வரும்போது மூன்றுக்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு வருவாள். அவள் வீட்டு டேப் கொஞ்சம் வேகமாக ஓடும், அவ்வளவுதான் விஷயம். அந்தப் பெண்ணை நான் ஒரு மாதம் திட்டியிருக்கிறேன். பிறகு அவள் வீட்டுக்கே போய் அந்த டேப்பைக் கேட்டபோதுதான் புரிந்தது. இன்றைக்கும் அது மனசில் உறுத்துகிறது.

1997இல் ஒரு சிடி பிளேயர் வாங்கினேன். தம்புரா சிடி போட்டு அதற்கு வீணையின் சாரணித் தந்தியைச் சேர்ப்பது வழக்கம். இன்று காலையும் அதில்தான் சேர்த்தேன். இப்போது மாணவிகள் போனில் சுருதிச் செயலி வைத்திருக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் அலை அடிக்கவில்லை, ஒரே கோடாக நிற்கிறது. இத்தனை வருஷத்தில் என் வீணையின் மெட்டுகளைப் பிடித்து நிறுத்தும் மெழுகை இரண்டு தடவை மாற்றியாயிற்று. பிளேயர் சுருதி அசையவில்லை. இதற்கு என்ன காரணம் என்று யாராவது சொல்லுங்கள்.

பதினாறுபிட் (காட்பாடி, காந்தி நகர்)

டீச்சர், இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. கேசட்டில் சுருதியை முடிவு செய்வது மோட்டாரும் பெல்ட்டும். வேகம் ஒரு சதவீதம் கூடினால் சுருதி அரைஸ்வரத்தில் ஆறில் ஒரு பங்கு ஏறிவிடும், உங்கள் காது விடாது. சிடியில் தட்டைச் சுற்றுகிற மோட்டாருக்கும் சுருதிக்கும் சம்பந்தமே இல்லை. படித்த எண்கள் முதலில் ஒரு சின்ன நினைவகத்தில் வரிசையாக நிற்கும். அங்கிருந்து ஒவ்வொன்றாக வெளியே விடுவது ஒரு குவார்ட்ஸ் படிகம். பல செட்டுகளில் 16.9344 மெகாஹெர்ட்ஸ் என்று அதன் தகர மூடியில் பொறித்திருக்கும். 384ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 44.1 கிலோஹெர்ட்ஸ் வரும். படிகம் வயதாகி நகர்ந்தாலும் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குதான் நகரும். அதைப் பிடிக்க மனிதக் காது போதாது.

குடியாத்தம் வீணை (குடியாத்தம்)

இருபது வருஷமாக மனதில் இருந்த கேள்வி தம்பி. நல்லா இருங்க.

ஆம்பூர்க்காரன் (ஆம்பூர்)

என் அனுபவத்தையும் எழுதுகிறேன், மற்றவர்களுக்கு உதவும். அப்பாவின் சிடி செட் சில தட்டுகளைப் படிக்கவில்லை என்று டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் "ரெடி" என்றார்கள். உண்மையிலேயே எல்லாம் ஓடியது. மூன்றே மாதம். அப்புறம் எந்தத் தட்டையும் படிக்கவில்லை. பிறகு வேறொருவர் திறந்து பார்த்து, லேசர் யூனிட் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகை முழுசாகத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்றார். அது என்ன திருகு? இன்னொன்று, 2003இல் எடுத்த கல்யாணப் பாட்டு சிடி, ரெக்கார்டபிள் வகை, இதே செட்டில் எப்போதுமே தகராறு. கடையில் வாங்கிய சிடி மட்டும் ஓடும். ஏன்?

பழைய மெக்கானிக் (வாலாஜாபேட்டை)

படிக்கவே வருத்தமாக இருக்கிறது. அந்தத் திருகு லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது. தொழிற்சாலையில் ஒவ்வொரு லேசருக்கும் தனித்தனியாக அளந்து வைப்பார்கள். அதை ஏற்றினால் களைத்த மாட்டைச் சாட்டையால் அடிப்பது மாதிரி, கொஞ்ச தூரம் ஓடும், பிறகு படுத்துவிடும். லென்ஸில் படிந்த தூசியைத் துடைத்திருந்தாலே உங்கள் அப்பா செட் இன்னும் சில வருஷம் ஓடியிருக்கலாம். ஆசிலோஸ்கோப் வைத்து அலையைப் பார்க்காமல் அந்தத் திருகில் கை வைப்பது தப்பு. வைப்பதற்கு முன் அதன் நிலையை மார்க்கரால் கோடு போட்டுக்கொள்ளாமல் தொடுவது அதைவிடத் தப்பு.

ரெக்கார்டபிள் தட்டில், கடையில் வாங்கும் அச்சுத் தட்டு மாதிரி உண்மையான குழிகள் இல்லை. சாயத்தில் சுட்ட தடம்தான், திரும்பும் வெளிச்சமும் குறைவு. திரும்பத் திரும்ப எழுதும் வகையில் அது இன்னும் மோசம். அச்சுத் தட்டுக்காக மட்டுமே செய்த பழைய செட் தடுமாறும். அந்தக் கல்யாண சிடியை இப்போதே ஒரு கம்ப்யூட்டர் டிரைவில் போட்டு நகல் எடுத்துவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். சாயம் வெயிலில் வெளுக்கும். தட்டின் மேல்பக்கம் பெயர் எழுதும் பகுதியைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாரும் பளபளக்கும் பக்கத்தைத்தான் காப்பாற்றுகிறார்கள். அங்கே 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவலுக்கு இருக்கிறது. வெளிச்சத்தைத் திருப்பும் உலோகப் படலம் உண்மையில் மேல்பக்கம், மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது. அங்கே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் தட்டு போச்சு.

ஆம்பூர்க்காரன் (ஆம்பூர்)

சரிங்க ஐயா. இன்று ராத்திரியே நகல் எடுக்கிறேன்.

ஏலகிரிக்காற்று (திருப்பத்தூர்)

பதினாறுபிட் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லாத இடம் ஒன்று உண்டு. பழைய செட்டில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், கனமான இரும்புப் பெட்டி, தனித்தனி பவர் சப்ளை எல்லாம் இருந்தது. கேட்டால் ஒலியில் ஒரு கதகதப்பு தெரிகிறது. இது வெறும் பிரமை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. நாற்பது வருஷம் கேட்ட காது.

பதினாறுபிட் (காட்பாடி, காந்தி நகர்)

உங்கள் காதை நான் சந்தேகப்படவில்லை சார். அது தெரிவிப்பது எதை என்பதுதான் என் கேள்வி. பலமாகக் கேட்பது காதுக்கு நல்லதாகத் தோன்றும், அரை டெசிபெல் வித்தியாசம் போதும். ஒரு கருவி 2 வோல்ட் கொடுத்து இன்னொன்று 1 வோல்ட் கொடுத்தால் அது 6 டெசிபெல். இரண்டையும் சமப்படுத்தி, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால்தான் முடிவு சொல்லலாம். அகழிக்கரை அண்ணா சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை என் டிஏசியையும் மல்டிமீட்டரையும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரிக்கு வருகிறேன்.

பழைய மெக்கானிக் (வாலாஜாபேட்டை)

ஏலகிரி சார் சொல்லும் இரும்புப் பெட்டிக்கு நானும் கட்சி, காரணம் வேறு. அந்த டிரான்ஸ்ஃபார்மரும் கண்டென்சரும் கையால் கழற்றி மாற்றக்கூடியவை. 2012இல் கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில் என் மேஜைக்கு வந்த செட்டுகளில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தவற்றை நிறையப் பிழைக்க வைத்தேன். நெல்மணி அளவு பாகங்கள் வைத்த புதிய போர்டுகளில் பாதிக்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. நிலைத்து நிற்பது என்றால் எனக்கு அதுதான்.

அகழிக்கரை (சத்துவாச்சாரி)

இரண்டு செய்தி, முதலில் ரிப்பேர்.

சனிக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்தேன். உள்ளே செம்மண் நிறத்தில் ஒரே சீராகத் தூசி, திருநீறு பூசினது மாதிரி. பெயிண்ட் பிரஷால் தட்டினேன். டிரே பெல்ட்டை விரலால் எடுத்தபோது அது வட்டமாக இல்லை, கப்பியைச் சுற்றிக் கிடந்த வடிவத்திலேயே முட்டை மாதிரி விறைத்து நின்றது. லேசர் நகரும் கம்பியில் கிரீஸ் பழுப்பாகி, தீக்குச்சியால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். புதிய கிரீஸ் ஒரு கடுகளவு. லென்ஸை ஐயா போனில் சொன்னபடி, காதுக்குப் போடும் பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு தொட்டு, உதறிவிட்டு, எடையே கொடுக்காமல் ஒரு வட்டம். அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, மூச்சுப் பட்டால்கூட ஆடுகிறது. அதைப் பார்த்தபோது, இவ்வளவு நாசூக்கான ஒன்று பரணில் 40 பாகையில் இத்தனை கோடைகளைத் தாண்டியிருக்கிறதே என்று தொண்டை அடைத்தது.

ஒன்பதாவது பாட்டு முடிவுவரை ஓடியது. மங்களம் வரை.

ஞாயிற்றுக்கிழமை பதினாறுபிட் தம்பி வந்தார். 400 ஹெர்ட்ஸ் ஒற்றை நாதம் எழுதிய தட்டை ஓடவிட்டு மல்டிமீட்டரில் அளந்தோம். பழைய செட் 1.94 வோல்ட், அவருடைய டிஏசி 2.12. முக்கால் டெசிபெல் வித்தியாசம். சமப்படுத்தாமல் கேட்டபோது நான், என் மனைவி, அம்மா மூன்று பேரும் டிஏசிதான் தெளிவு என்றோம். அதைக் குறைத்துச் சமப்படுத்தி, ஆம்ப்ளியின் பட்டனைத் தம்பி எங்களுக்குக் காட்டாமல் மாற்றி மாற்றிப் போட்டார். 12 தடவையில் நான் 7 சரி, மனைவி 5, அம்மா 6. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவுதான் வரும்.

பிறகு தம்பி இன்னொன்று செய்தார். இதே கச்சேரியின் சமீபத்திய மறுவெளியீடு அவரிடம் இருந்தது. அதையும் சித்தப்பா வாங்கிய பழைய தட்டையும் ஒரே செட்டில், அளவைச் சமப்படுத்தி, மாற்றி மாற்றிப் போட்டார். இதில் மூன்று பேரும் ஒரு தடவைகூடத் தவறவில்லை. புதியதில் எல்லாமே உரக்க இருக்கிறது. பாடகர் மெதுவாக இறங்குகிற இடத்தில்கூட மெதுவாக இறங்கவில்லை. பழைய தட்டில் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்போது முதல் அடி எவ்வளவு சின்னதாக விழுகிறது! அம்மா "இவர் மூச்சு விடுறது கேக்குது" என்றார். ஏலகிரி சார், நீங்கள் சொன்ன கதகதப்பு இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தட்டில் இருக்கிறது, பிளேயர் அதைக் கெடுக்காமல் கொடுக்கிறது.

ஏலகிரிக்காற்று (திருப்பத்தூர்)

என் வீட்டிலும் பழைய தட்டு, புதிய தட்டு இரண்டும் இருக்கிறது. நீங்கள் செய்தபடியே சமப்படுத்திக் கேட்டுவிட்டு எழுதுகிறேன். பழைய தட்டுகளை யாரும் எடைக்குப் போடாதீர்கள், என்னிடம் கொடுங்கள்.

பதினாறுபிட் (காட்பாடி, காந்தி நகர்)

அம்மா கொடுத்த வடைக்கும் காபிக்கும் நன்றி அண்ணா. அவர் 12க்கும் பொறுமையாக உட்கார்ந்து கேட்டதை மறக்க மாட்டேன்.

புதன்கிழமை காலை வண்டியில் சென்னை போகிறேன். சென்ட்ரலில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் பாகங்கள் விற்கிற ரிச்சி தெரு. பெல்ட் யாருக்கெல்லாம் வேண்டும்? பழைய பெல்ட்டைத் தட்டையாக நீட்டி நீளத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள், அதிலிருந்து ஐந்து சதவீதம் கழித்துச் சொல்லுங்கள். பழையது நீண்டுபோயிருக்கும்.

அகழிக்கரை (சத்துவாச்சாரி)

எனக்கு 88 மில்லிமீட்டர் சுற்றளவு, சதுரம், இரண்டு. இப்போதைக்கு டிரேயைக் கையால்தான் இழுக்கிறேன்.

குடியாத்தம் வீணை (குடியாத்தம்)

என் செட்டின் பெல்ட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எனக்கும் ஒன்று. அளவை என் பையன் சாயங்காலம் அளந்து சொல்வான்.

பழைய மெக்கானிக் (வாலாஜாபேட்டை)

தம்பி, எனக்குப் பல அளவு கலந்து ஒரு பொட்டலம். அப்படியே 105 பாகை தாங்கும் கண்டென்சர், 2200 மைக்ரோஃபாரட், 25 வோல்ட், பத்து. 85 பாகை கொடுத்தால் வாங்காதீர்கள்.